காட்டுக்குப் போய் வந்தவருக்குக் காய்ச்சல் வந்தால்

"சார், வைரல் ஃபீவர்னு சொல்லி மாத்திரை கொடுத்திருக்காங்க. ஆனா சாயங்காலமானா குளிர் தூக்கிப் போடுது."

மருத்துவ முகாம் முடிந்து ஊர் திரும்பிய 14ஆம் நாள், எங்கள் குழுவில் வந்திருந்த செவிலியர் ஃபோனில் சொன்னது இது. காய்ச்சல் தொடங்கி மூன்று நாள் ஆகியிருந்தது. டெங்கு பரிசோதனை எடுத்து, இல்லை என்று வந்துவிட்டது. பிளேட்லெட் மட்டும் 70,000க்கு இறங்கியிருந்தது.

"எங்கே போய்ட்டு வந்தீங்கன்னு யாராவது கேட்டாங்களா சிஸ்டர்?"

"இல்ல சார். எனக்கும் சொல்லத் தோணல."

நாங்கள் போயிருந்தது சத்தீஸ்கரின் பஸ்தர் பகுதிக்கு. விசாகப்பட்டினத்தில் இறங்கி, கிரந்துல் ரயிலில் மலையேறி ஜக்தல்பூர். அங்கிருந்து ஜீப்பில் நாராயண்பூர் பக்கம். சால் மரக் காடு. ஊரோரங்களில் மஹுவா நிற்கும், வேறொன்றுமில்லை, நம்ம ஊர் இலுப்பைதான். சுற்றுப்பட்டு மக்கள் எல்லாரும் கூடுவது சந்தையன்றுதான் என்பதால் முகாமும் சந்தை நாளில், சந்தைத் திடலிலேயே. மழை ஓய்ந்தும் ஓயாத அக்டோபர் மாதம். அந்தக் காடுகளில் மலேரியா உச்சத்தில் இருக்கும் பருவம் அது.

முகாமில் முதல் நாள், காய்ச்சலில் துவண்ட ஒரு பையனை அவன் அப்பா தோளில் சுமந்து வந்தார். நான் எழுந்து வருவதற்குள் அந்த ஊர் 'மித்தானின்' தன் வேலையைத் தொடங்கிவிட்டார். சத்தீஸ்கரில் 2002 முதல் ஊருக்கு ஊர் இருக்கும் பெண் சுகாதாரப் பணியாளர்களுக்கு அந்தப் பெயர். தோழி என்று பொருள். பையனின் விரல் நுனியைத் துடைத்தார், சுருக்கென்று குத்தினார், ஒரு சொட்டு ரத்தத்தை மலேரியா அட்டையின் குழியில் வைத்துக் கரைசலை விட்டார். பிறகு அட்டையைக் கீழே வைத்து அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். கால் மணி நேரத்தில் கோடு தெரிந்தது. 2020இல் தொடங்கிய 'மலேரியா இல்லாத பஸ்தர்' இயக்கத்தில் இதே பரிசோதனையைக் காய்ச்சல் இல்லாதவர்களுக்கும் வீடு வீடாகப் போய்ச் செய்தார்கள். ரத்தத்தில் கிருமி இருந்தும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் நடமாடியவர்கள் அதில் ஏராளமாகப் பிடிபட்டார்கள். கொசு அவர்களையும் கடிக்கும், முகாமுக்குப் போன நம்மையும் கடிக்கும்.

எங்கள் செவிலியருக்கு அந்தக் கால் மணி நேரப் பரிசோதனை மூன்று நாளாக நடக்கவில்லை. அவரைப் பார்த்த மருத்துவரைக் குறை சொல்ல மாட்டேன். மழைக்காலம், காய்ச்சல், குறைந்த பிளேட்லெட் என்றால் தமிழ்நாட்டில் எவருக்கும் முதலில் டெங்குதான் நினைவுக்கு வரும். மலேரியாவிலும் பிளேட்லெட் இறங்கும். பஸ்தர் என்ற ஒரு சொல் காதில் விழுந்திருந்தால் அவரும் அன்றே ஸ்மியர் (ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தடவி மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது) எடுத்திருப்பார்.

ஃபோனில் பேசிய அன்றிரவு எடுத்த ஸ்மியரில் ஃபால்சிபாரம் மலேரியா. மூளையையும் சிறுநீரகத்தையும் ஓரிரு நாளில் தாக்கக்கூடிய வகை. உடனே அட்மிட் செய்து ஆர்ட்டிசுனேட் என்ற மலேரியா மருந்தைத் தொடங்கினார்கள், பிழைத்துக்கொண்டார்.

இதில் என் தவறு ஒன்று உண்டு. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். போகும்போது எல்லாருக்கும் தடுப்பு மருந்தாக டாக்ஸிசைக்ளின் கொடுத்தேன். இரண்டு நாள் முன்பிருந்தே தினம் ஒரு 100 மி.கி. மாத்திரை. முகாம் முடிந்த பிறகும் நான்கு வாரம் விழுங்க வேண்டும் என்பதை அழுத்திச் சொல்லவில்லை. திரும்பும் ரயிலில் ஏறியதும் அவர் நிறுத்திவிட்டார். கொசு கடித்ததும் கிருமி நேராகக் கல்லீரலுக்குப் போய் ஒரு வாரமோ அதற்கு மேலோ அங்கே பெருகும். அதுவரை காய்ச்சல் இருக்காது. பிறகு ரத்தத்துக்கு வரும்போதுதான் இந்த மாத்திரை அதைக் கொல்லும். கடைசி இரவில் கடித்த கொசுவின் கிருமி, வீட்டுக்கு வந்து துணி துவைத்துக் காயப்போட்டு வேலைக்கும் திரும்பிய பிறகுதான் வெளியே வரும். (கர்ப்பிணிகளும் எட்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளும் டாக்ஸிசைக்ளின் சாப்பிடக் கூடாது, அவர்களுக்கு என்ன என்பதை மருத்துவரிடம் கேளுங்கள்.)

ஒழுங்காக மாத்திரை போட்டவருக்கும் காய்ச்சல் வரலாம். ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தால்தான் மலேரியா என்று காத்திருக்காதீர்கள், ஃபால்சிபாரம் அந்தக் கணக்குக்குக் கட்டுப்படுவதில்லை. முதல் பரிசோதனையில் இல்லை என்று வந்தாலும் காய்ச்சல் விடவில்லை என்றால் 12 முதல் 24 மணி நேரத்தில் மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். வைவாக்ஸ் என்ற இன்னொரு மலேரியா வகை கல்லீரலில் மாதக்கணக்கில் உறங்கிக் கிடந்து எழும். அக்டோபரில் போனவர் அடுத்த கோடையில் காய்ச்சலில் விழுந்தாலும் காட்டுக்குப் போனதைச் சொல்லத்தான் வேண்டும்.

மலேரியா இல்லை என்றானால் உடம்பைத் தேடிப் பாருங்கள். புதரில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத உண்ணிக் குஞ்சு கடித்து ஸ்க்ரப் டைஃபஸ் வரும். கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டது போல ஒரு கறுத்த பொருக்கு இருக்கும். வலிக்காது, அரிக்காது. அக்குள், தொடையிடுக்கு, மார்புக்குக் கீழ், இடுப்பில் துணி இறுக்கும் இடம் என்று ஒளிந்திருப்பதால் நோயாளிக்கே தெரியாது. கூச்சத்தில் மறைக்கப்படும் இடங்கள் இவைதான். அந்தப் பொருக்கைக் கண்டுவிட்டால் பாதி வைத்தியம் முடிந்தது. அது இல்லாமலும் இந்தக் காய்ச்சல் வரும் என்பதால், பொருக்கு இல்லை என்று விட்டுவிடவும் முடியாது.

வீட்டில் இருப்பவர்களையும் நினைக்க வேண்டும். சென்னை போன்ற நகரங்களில் மேல்நிலைத் தொட்டியிலும் கிணற்றிலும் வளரும் அனோஃபிலிஸ் ஸ்டெபன்சி கொசு மலேரியாவைப் பரப்பும். காட்டிலிருந்து கிருமியோடு வந்தவர் கொசு வலைக்குள் படுப்பது, கூட இருப்பவர்களுக்கும் பாதுகாப்பு.

இப்போதெல்லாம் ஜக்தல்பூரில் ரயில் ஏறுவதற்கு முன்பே ஆளுக்கு 28 மாத்திரைகளை எண்ணி, நிறுத்த வேண்டிய தேதியை உறைமேல் எழுதித் தருகிறோம். கூடவே பர்ஸில் வைக்க ஒரு சிறு அட்டை: போன ஊர், தங்கிய தேதிகள், 'காய்ச்சல் என்றால் அன்றே மலேரியா பரிசோதனை தேவை'. அட்டைகளை எழுதித் தருபவர் அந்தச் செவிலியர்தான். கொடுத்ததோடு விடுவதில்லை, பத்தாம் நாள் ஒவ்வொருவரையும் ஃபோனில் கூப்பிட்டு மாத்திரை எத்தனை மீதி என்று எண்ணிச் சொல்லச் சொல்கிறார்.