நேவி ப்ளூவும் மிட்நைட் ப்ளூவும் ஒன்றாகத் தெரிகிறதா?

“கண்ணாடி பவர் சரியாத்தான் இருக்கு. ஆனா கறுப்பு பேண்ட் எது, நீல பேண்ட் எதுன்னே தெரியல.” அறுபதைத் தாண்டியவர்கள் எங்கள் கிளினிக்கில் அடிக்கடி சொல்லும் புகார் இது. பெண்களிடம் இதுவே புடவைக் கதையாக வரும். எம்.எஸ். ப்ளூ பட்டுக்கு எடுத்த பிளவுஸ் துணி கடையில் அச்சாகப் பொருந்தியிருக்கும். கல்யாண மண்டபத்தில் பார்த்தால் இரண்டும் இரண்டு நிறம். வயசாகிவிட்டது, அவ்வளவுதான் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அப்படி இருக்க வேண்டியதில்லை.

முதலில் அந்த நீலங்களையே பார்ப்போம். நேவி ப்ளூ, 1748-ல் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரிகளுக்கு வந்த சீருடையின் நிறம். மிட்நைட் ப்ளூ என்று துணிக்கடையில் கொடுப்பது அதைவிடக் கறுப்பை ஒட்டியது. கம்ப்யூட்டரில் கதை வேறு. அங்கே ஒவ்வொரு நிறத்தையும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் 0 முதல் 255 வரை எவ்வளவு என்று எண்ணில் சொல்வார்கள். நேவி என்றால் சிவப்பும் பச்சையும் பூஜ்யம், நீலம் மட்டும் 128. மிட்நைட் ப்ளூவுக்கு சிவப்பு 25, பச்சை 25, நீலம் 112. அதாவது திரையில் மிட்நைட் ப்ளூதான் கொஞ்சம் வெளிறித் தெரியும்! ஆன்லைனில் பெயரை மட்டும் நம்பி ஆர்டர் போட்டுவிட்டு கண்ணைத் திட்டாதீர்கள்.

அடுத்த சந்தேகம் விளக்கின் மேல் வர வேண்டும். அடர் நீலத் துணி, தன் மேல் விழும் ஒளியில் பெரும்பகுதியை விழுங்கிவிட்டு, கொஞ்சம் நீலத்தை மட்டும் திருப்பி அனுப்புகிறது. படுக்கையறையில் இப்போது பலரும் போடும் 2700, 3000 கெல்வின் மஞ்சள் எல்இடியில் நீலப் பங்கே குறைவு. திருப்பி அனுப்ப ஒன்றும் இல்லாதபோது நேவி கறுப்பாகிவிடும். பீரோ பக்கத்தில் 6500 கெல்வின் வெள்ளை விளக்கு ஒன்று மாட்டியதும் பாதிப் பேருக்குப் புகார் தீர்ந்துவிடும் என்பது என் அனுபவம்.

பிளவுஸ் விஷயத்தில் சாயமும் சேர்ந்து விளையாடும். வெவ்வேறு சாயத்தில் தோய்த்த இரண்டு துணிகள் ஒரு விளக்கில் ஒன்றாகத் தெரியும், இன்னொன்றில் பிரிந்துவிடும். இளவயசுக் கண்ணுக்கும் அப்படித்தான். தி.நகர் மேட்சிங் சென்டரில், “வாசல்ல வெச்சுப் பாருங்கம்மா” என்று கடைப்பையன் துணியோடு படியிறங்குவது சும்மா இல்லை. நான் கூடுதலாக ஒன்று சொல்வேன்: எந்த மண்டபமோ, அங்கே இருப்பது போன்ற விளக்கிலும் ஒருமுறை பாருங்கள். அப்புறம் தைக்கிற நூல். நீலத்தை உணரும் கூம்பு செல்கள் விழித்திரையில் மொத்தக் கூம்புகளில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பார்வையின் நட்டநடுவில் அவை கிடையவே கிடையாது. அதனால் ஒற்றை நூலிழையை உற்றுப் பார்த்து நேவியா கறுப்பா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. நூல்கண்டையே துணிமேல் வைத்துப் பாருங்கள்.

சரி, பகல் வெளிச்சத்தில், பெரிய துணியாகப் பார்த்தும் குழப்பமா? இப்போது கண்ணுக்கு வருவோம். வயது ஏற ஏற கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ், டீக்கறை பிடித்த கண்ணாடி டம்ளர் மாதிரி மஞ்சளாகும். மஞ்சள் லென்ஸ் நீல ஒளியைத் தடுக்கும். மெதுவாக நடப்பதால் தெரியாது. ஒரு கண்ணில் மட்டும் புரை ஆபரேஷன் முடித்தவர்கள்தான் இதை நேரில் உணர்வார்கள். இரண்டு கண்ணையும் மாற்றி மாற்றி மூடிப் பார்த்துவிட்டு, “இந்தக் கண்ணுல சுவரே அழுக்கா இருக்கே” என்பார்கள், ஆபரேஷன் ஆகாத கண்ணைக் காட்டி.

லென்ஸ் மட்டும் காரணமாக இருந்தால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். சர்க்கரை நோய், குளுக்கோமா என்ற கண் நரம்பு நோய், விழித்திரையின் நடுப்பகுதியான மாகுலாவில் வரும் கோளாறு ஆகியவற்றிலும் நீலம்-மஞ்சள் வேறுபாடு மங்கலாம். சர்க்கரை உள்ள சிலருக்கு, விழித்திரையில் மாற்றம் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே இது தொடங்கிவிடுகிறது. இங்கேதான் ஒரு தவறான நிம்மதி. “எனக்குக் கலர் டெஸ்ட் எடுத்தாச்சு, நார்மல்” என்பார்கள். எடுத்தது வேலைக்குச் சேரும்போது காட்டிய புள்ளிப் படப் புத்தகம், இஷிஹாரா. அது பிறவியிலேயே வரும் சிவப்பு-பச்சைக் குறைக்கானது. நீலத்தில் வரும் குறையைப் பிடிக்காது.

அதற்கு டி-15 போன்ற சோதனை வேண்டும். ஒரு தட்டில் வண்ண வில்லைகள், முதல் வில்லை அசையாது. அதற்கு அடுத்த நிறம் எது, அதற்கடுத்தது எது என்று மீதிப் பதினைந்தையும் வரிசையாக அடுக்க வேண்டும். பகல் ஒளி விளக்கில், ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனியாகச் செய்வோம். அடுக்கியதைக் கவிழ்த்தால் அடியில் எண்கள். எந்த எண்கள் இடம் மாறியிருக்கின்றன என்பதை வைத்து எந்த வகைக் குறை என்று தெரியும். வலி கிடையாது, சொட்டு மருந்தும் கிடையாது. ஐந்து நிமிஷ வேலை.

இரண்டு கண்ணிலும் வருஷக்கணக்கில் மெதுவாக மங்கினால், வழக்கமான செக்கப்பில் சொன்னால் போதும். ஒரு கண்ணில் மட்டும் நிறம் வெளிறினாலோ, திடீரென்று மாறினாலோ, நேர்க்கோடு நெளிந்து தெரிந்தாலோ தள்ளிப்போடாதீர்கள். சர்க்கரை இருப்பவர்கள் புகார் இல்லாவிட்டாலும் வருஷத்துக்கு ஒருமுறை விழித்திரையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். செலவுதான் தயக்கம் என்றால், 1819-ல் தொடங்கிய அரசு கண் மருத்துவமனை எழும்பூரிலேயே இருக்கிறது. புதிதாக ஏதாவது மாத்திரை ஆரம்பித்த பிறகு நிறம் மாறியிருந்தால் அந்தச் சீட்டையும் எடுத்துப்போங்கள். இதயத்துக்குக் கொடுக்கும் டிகாக்சின் அளவு மீறினால் பார்வையில் மஞ்சள் படியும்.

எங்கே போனாலும், உங்களைக் குழப்பும் அந்த இரண்டு துணிகளையும் பையில் போட்டுக்கொண்டு போங்கள். பகல் ஒளி விளக்கில் வைத்து, கூட வந்த பேத்தியையும் ஒரு பார்வை பார்க்கச் சொன்னால், சாயமா கண்ணா என்பது அங்கேயே பாதி தெரிந்துவிடும்.