கோடை விடுமுறைக்குச் சென்னை வரும் பிள்ளைகள்: ஊர் சுற்றும் திட்டத்தை வெயிலைப் பார்த்துப் போடுங்கள்

பள்ளிகளுக்கு விடுமுறை விட்டதும் சென்னையில் சித்தி வீடு, மாமா வீடு, தாத்தா வீடு எல்லாம் பிள்ளைகளால் நிரம்பிவிடும். கரூர், திருச்சி, தென்காசி என்று வெளியூர்களிலிருந்தும், துபாய், சிங்கப்பூர் போன்ற வெளிநாடுகளிலிருந்தும் வந்து இறங்குவார்கள். அவர்களில் கணிசமான பேரை, வந்த மூன்றாம் நாளோ நான்காம் நாளோ நான் என் மருத்துவமனையில் பார்க்கிறேன். தலைவலி, வாந்தி, நீர்க்கடுப்பு, இரவில் கெண்டைக்கால் சதை இழுப்பது, காரணம் பிடிபடாத காய்ச்சல். பெரும்பாலும் பெரிய நோய் எதுவும் இருக்காது. "நேற்று எங்கெல்லாம் போனீர்கள்?" என்று கேட்டால் பாதி விடை கிடைத்துவிடும்.

அப்படி வந்த ஓர் எட்டு வயதுச் சிறுமியின் அம்மா, "சூடு பிடித்துக்கொண்டது டாக்டர். தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்தோம், கேட்கவில்லை" என்றார். முந்தைய நாள் காலை பத்து மணிக்கு வண்டலூர் உயிரியல் பூங்கா, மதியம் ஒரு வணிக வளாகம், மாலையில் மெரினா. மூன்றும் ஒரே நாளில். தண்ணீர் கொடுத்தீர்களா என்று கேட்டேன். "பெரிய பாட்டில் வாங்கிக் கையிலேயே கொடுத்திருந்தேனே" என்றார். நான் சிறுமியின் பக்கம் திரும்பி, நேற்று எத்தனை தடவை சிறுநீர் கழிக்கப் போனாய் என்று கேட்டேன். உதடு வெடித்துக் காய்ந்திருந்த அந்தக் குழந்தை அம்மாவை ஒரு முறை பார்த்துவிட்டு, மெதுவாகச் சொன்னது: "அங்கே எல்லாம் பாத்ரூம் நாறுது. தண்ணி குடிச்சா போகணும். அதான் குடிக்கலை." பாட்டில் முக்கால்வாசி நிறைந்தபடியே வீடு திரும்பியிருக்கிறது. அம்மாவுக்கு அது அப்போதுதான் தெரிந்தது.

இதை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன், குறிப்பாகப் பெண் குழந்தைகளிடம். தண்ணீர் குடி என்று நூறு தடவை சொல்வதைவிட, போகிற இடத்தில் கழிப்பறை எப்படி என்று ஒரு தடவை விசாரிப்பது அதிகப் பலன் தரும். வீட்டை விட்டுக் கிளம்பும் முன் ஒரு தடவை, ஓர் இடத்தில் நுழைந்ததும் ஒரு தடவை, அங்கிருந்து புறப்படும்போது ஒரு தடவை என்று பழக்கிவிடுங்கள். உடன் போய் நில்லுங்கள், கதவைப் பிடித்துக்கொள்ளுங்கள், தண்ணீரும் சோப்புத் தாளும் கைப்பையில் வைத்திருங்கள். விழித்திருக்கும் நேரத்தில் மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறையாவது பிள்ளை சிறுநீர் கழிக்க வேண்டும். நிறம் வெளிர் மஞ்சளாக இருந்தால் கவலையில்லை. அடர் மஞ்சளாகவோ பழுப்பாகவோ இருந்தால் அன்றைய சுற்றலை அத்தோடு நிறுத்திவிடலாம்.

அடுத்து வெயில். "எங்கள் ஊரில் 41 டிகிரி அடிக்கிறது, சென்னையில் 38 தானே" என்று உள்மாவட்டங்களிலிருந்து வருகிறவர்கள் சொல்வதுண்டு. உடம்பு தன்னைக் குளிர்வித்துக்கொள்வது வியர்வை ஆவியாவதால்தான். கடலோர ஊரின் ஈரக் காற்றில் வியர்வை வழிகிறதே தவிர எளிதில் ஆவியாவதில்லை. அதனால் வெப்பமானியில் குறைவாகத் தெரியும் வெயில், உடம்பில் கூடுதலாக ஏறுகிறது. பகலில் கடற்காற்று உள்ளே வந்துவிட்டால் கொஞ்சம் ஆறுதல். மேற்குக் காற்று அதைத் தடுத்துவிடும் நாட்களில்தான் நகரம் கொதிக்கும். 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது. புதிய தட்பவெப்பத்துக்கு உடம்பு பழக ஒன்றிரண்டு வாரம் ஆகும். நாம் என்ன செய்கிறோம்? இரவுப் பயணத்தில் சரியாகத் தூங்காமல் வந்து இறங்கிய பிள்ளையை அன்றைக்கே வண்டலூருக்கு அழைத்துப் போகிறோம். முதல் இரண்டு நாட்களை வீட்டுக்கும் பக்கத்துப் பூங்காவுக்கும் விட்டுவிடுங்கள் என்பதுதான் நான் எல்லாரிடமும் சொல்வது.

மே மாதச் சென்னையில் பிள்ளைகளுக்கான நாள் இரண்டு துண்டாக இருக்க வேண்டும். விடியற்காலையிலிருந்து ஒன்பதரை வரை ஒன்று, நாலரைக்கு மேல் ஒன்று. நடுவில் இருப்பது கூரைக்கு அடியில் கழிய வேண்டிய நேரம். ஒரு நாளைக்கு ஓர் இடம் போதும். மிஞ்சிப் போனால், மாலையில் வீட்டுக்குப் பக்கத்திலேயே இன்னொன்று.

கடற்கரையை மாலைக்கு ஒதுக்குவதுதான் வழக்கம். நான் காலையைத்தான் சொல்வேன். மே மாதத்தில் ஆறு மணிக்கு முன்பே சூரியன் எழுந்துவிடுகிறது. அந்த நேரத்தில் பெசன்ட் நகர்க் கரையில் மணல் குளிர்ந்திருக்கும், கூட்டம் இருக்காது, நண்டு வளைகளைப் பிள்ளைகள் நிதானமாகப் பார்க்கலாம். வலை இழுப்பவர்களைப் பார்க்கலாம், அவர்களிடம் மீனின் பெயர் கேட்கலாம். ஏழரைக்குள் கிளம்பிவிட்டால் வீட்டுக்குப் போய் இட்லி சாப்பிடலாம். கிண்டி சிறுவர் பூங்காவும் பக்கத்திலேயே இருக்கும் பாம்புப் பண்ணையும் மர நிழல் உள்ளவை, திறந்ததும் நுழைந்துவிட வேண்டும். வண்டலூர் பூங்கா 600 ஹெக்டேருக்கும் பெரியது. சின்னப் பிள்ளைகளை அதில் முழுக்க நடக்க வைக்க நினைக்காதீர்கள். பேட்டரி வண்டியில் ஏற்றி, பிள்ளைக்குப் பிடித்த நாலைந்து விலங்குகளை மட்டும் காட்டிவிட்டு, வெயில் ஏறுமுன் வெளியே வந்துவிடலாம். இந்த மூன்றுக்கும் செவ்வாய்க்கிழமை வார விடுமுறை. விடுமுறைக் காலத்தில் சில சமயம் மாற்றுவார்கள், கிளம்பும் முன் உறுதிசெய்துகொள்ளுங்கள். பூட்டிய கதவின் முன் வெயிலில் நின்று, அடுத்து எங்கே போவது என்று பெரியவர்கள் தர்க்கம் செய்துகொண்டிருக்கும் நேரத்தில்தான் பல பிள்ளைகளுக்குத் தலை சுற்றுகிறது.

நடுப்பகலுக்கு வணிக வளாகத்தைத் தவிர வேறு வழியில்லை என்று பெற்றோர் நினைக்கிறார்கள். இருக்கிறது. எழும்பூர் அரசு அருங்காட்சியகம் 1851-இல் தொடங்கியது. நுழைவுக் கட்டணம் சொற்பம். திமிங்கிலத்தின் எலும்புக்கூட்டுக்குக் கீழே பிள்ளையை நிறுத்தி, அதன் தலை எங்கே தொடங்குகிறது, வால் எங்கே முடிகிறது என்று காலடியால் அளக்கச் சொல்லிப் பாருங்கள். அரைமணி நேரம் போவதே தெரியாது. வெண்கலச் சிலைக் கூடத்தில் திருவாலங்காட்டு நடராசர் இருக்கிறார். அவரைப் பார்த்து அதே போல ஒற்றைக் காலில் நிற்க முயல்வது ஐந்து வயதுக்கும் பத்து வயதுக்கும் ஒரே அளவு உற்சாகம். எல்லாக் கூடங்களையும் பார்த்தே ஆக வேண்டும் என்று இழுத்துப் போகாதீர்கள். இரண்டு கூடம் நன்றாகப் பார்த்தால் போதும். கட்டடத்துக்குக் கட்டடம் வெளியே நடக்க வேண்டியிருப்பதால் தொப்பி வேண்டும். வெள்ளிக்கிழமை விடுமுறை.

என் மனதுக்கு இன்னும் நெருக்கமான இடம் கோட்டூர்புரத்தில் இருக்கும் அண்ணா நூற்றாண்டு நூலகம். 2010-இல் திறக்கப்பட்டது. அதன் முதல் தளம் முழுக்கச் சிறுவர் பகுதி. நடுவில் பெரிய செயற்கை மரம், சுற்றிலும் பிள்ளைகள் உயரத்துக்கு அலமாரிகள். தரையில் படுத்துக்கொண்டும் படிக்கலாம். குளிர்ச்சி, தண்ணீர், கழிப்பறை மூன்றும் அங்கே உண்டு. ஒரு குழந்தை மருத்துவராக எனக்கு இதைவிட நல்ல மதியம் தோன்றவில்லை. பறக்கும் ரயிலில் கோட்டூர்புரம் நிலையத்தில் இறங்கிப் போகலாம். அந்த ரயில் பயணமே வெளியூர்ப் பிள்ளைக்கு ஒரு வேடிக்கைதான். அதே பகுதியில் பிர்லா கோளரங்கமும் இருக்கிறது. இருட்டுக் கூடத்தில் சின்னக் குழந்தைகள் மிரண்டு அழுவதுண்டு, நான்கு வயதுக்குக் கீழே வேண்டாம்.

வீட்டிலேயே இருக்கும் மதியங்களை வீண் என்று எண்ண வேண்டாம். தாயம், பல்லாங்குழி, ஐந்தாங்கல் ஆடத் தெரிந்த பாட்டி ஒருவர் இருந்தால் அந்த மதியத்துக்கு வேறெதுவும் தேவையில்லை. உண்ட பிறகு ஒரு மணி நேரம் தூங்கிய பிள்ளை மாலையில் நன்றாக விளையாடும். தூங்காத பிள்ளை கடற்கரையில் அடம் பிடிக்கும், அதை நாம் சேட்டை என்று சொல்லி அடிப்போம். வணிக வளாகத்துக்குத்தான் போவீர்கள் என்றால் ஒரே ஓர் எச்சரிக்கை: மெத்தென்ற ரப்பர் செருப்போடு எஸ்கலேட்டரில் ஏற விடாதீர்கள். படியின் ஓரத்தில் அந்தச் செருப்பு சிக்கி விரல் நசுங்கிவிடும்.

மாலைக் கடற்கரைக்கு வருவோம். பெசன்ட் நகரில் வெள்ளையாக நிற்கும் ஷ்மிட் நினைவுச் சின்னத்தைச் சுற்றிப் பிள்ளைகள் ஓடி விளையாடுவார்கள். அது எதற்காகக் கட்டப்பட்டது என்று பெரும்பாலோருக்குத் தெரிவதில்லை. 1930 டிசம்பர் 30 அன்று அந்த இடத்துக்கு அருகே கடலில் தத்தளித்தவர்களைக் காப்பாற்றப் போய்த் தானே மூழ்கிப்போன டென்மார்க்குக்காரர் ஷ்மிட்டின் நினைவாக எழுப்பியது. நீந்தத் தெரிந்தவரையே கொண்டுபோன கடல் அது. சென்னைக் கரையில் அலை திரும்பும்போது உள்ளே இழுக்கும் வேகம் கரையில் நிற்பவருக்குத் தெரியாது. முழங்கால் தண்ணீரில் நிற்கும் ஆறு வயதுப் பிள்ளையைச் சாய்க்க ஓர் அலை போதும். மூழ்கும் குழந்தை கத்தாது, கையை வீசி உதவி கேட்காது. வாய் தண்ணீர் மட்டத்துக்கு வந்து போகும், அவ்வளவுதான். ஆகவே பிள்ளை அலையில் கால் நனைக்கும்போது, கை நீட்டினால் பிடிக்கும் தூரத்தில் ஒரு பெரியவர் நிற்க வேண்டும். அவர் கையில் கைப்பேசி இருக்கக் கூடாது. ஐந்து பேர் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்பது யாரும் பார்க்கவில்லை என்பதாக முடிந்துவிடுகிறது. யார் பொறுப்பு என்று பெயர் சொல்லி ஒப்படையுங்கள்.

கூட்டத்தில் பிள்ளை தவறிப்போவது இன்னோர் ஆபத்து. கிளம்பும் முன் அன்றைய உடையில் ஒரு படம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். பதற்றத்தில் சட்டை நிறம் நினைவுக்கு வராது. மணிக்கட்டில் அழியாத பேனாவால் கைப்பேசி எண்ணை எழுதிவிடுங்கள். காணவில்லை என்றால் பக்கத்திலிருக்கும் காவலரிடம் உடனே சொல்லுங்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098.

குடிக்க என்ன கொடுப்பது? தண்ணீர், உப்புப் போட்ட மோர், இளநீர், வீட்டில் கரைத்த பானகம், நுங்கு. வழியில் வெட்டி வைத்திருக்கும் பழமும் எந்தத் தண்ணீரில் செய்தது என்று தெரியாத ஐஸ் போட்ட சாறும் வேண்டாம். டைபாய்டும் மஞ்சள் காமாலையும் அப்படித்தான் வருகின்றன, அதுவும் ஊர் திரும்பிய பிறகு. ஆறு மாதத்துக்குட்பட்ட கைக்குழந்தைக்கு எந்த வெயிலிலும் தாய்ப்பால் மட்டுமே போதும், அடிக்கடி கொடுங்கள். வாந்தி, பேதி இருந்தால் ஓஆர்எஸ் எனும் உப்புச் சர்க்கரைக் கரைசல். இதில் இரண்டு தவறுகள் நடக்கின்றன. ஒரு லிட்டர் தண்ணீருக்கான பாக்கெட்டை ஒரு தம்ளரில் கரைத்துக் கொடுத்துவிடுகிறார்கள். அது உப்பு மிகுந்து பிள்ளைக்குத் தீங்காகும். பாக்கெட்டில் எத்தனை தண்ணீர் என்று போட்டிருக்கிறதோ அத்தனை ஊற்ற வேண்டும். மற்றொன்று, சர்க்கரை மிகுந்த பழச்சாறு டப்பாக்களை ஓஆர்எஸ் என்று நம்பி வாங்குவது. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி இல்லாத பானங்கள் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளக் கூடாது என்று 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. மருந்துக் கடையில் தூளாகக் கேட்டு வாங்குங்கள்.

வெயிலில் பிள்ளை சோர்ந்து, தலை வலிக்கிறது, குமட்டுகிறது என்றால் நிழலுக்குக் கொண்டுபோய் உடையைத் தளர்த்தி, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுத்தால் அரைமணி நேரத்தில் தெளிந்துவிடும். தெளியாவிட்டால் மருத்துவரிடம் வாருங்கள். பேச்சு குழறினாலோ, கூப்பிட்டால் சரியாகப் பதில் வராவிட்டாலோ, வலிப்பு வந்தாலோ, உடம்பு அனலாய்க் கொதித்தாலோ அது வெப்ப வாதம் (ஹீட் ஸ்ட்ரோக்). 108-ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே இருங்கள். நினைவு தெளிவாக இல்லாத பிள்ளையின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. காய்ச்சல் என்று நினைத்துப் பாராசிட்டமால் கொடுப்பதில் பயனில்லை. அந்த வெப்பத்தை மாத்திரை குறைக்காது. நிறுத்திய காருக்குள் பிள்ளையை ஐந்து நிமிடம்கூட விட்டுப் போகாதீர்கள். மூடிய காருக்குள் பத்து நிமிடத்தில் ஏறத்தாழ பத்து டிகிரி ஏறிவிடும்.

கடைசியாக, பிள்ளைகளை ஊர் சுற்றிக் காட்டுவது பல வீடுகளில் தாத்தாவும் பாட்டியும்தான். ரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ அவர்கள் சாப்பிடும் மாத்திரைகளில் சில, சிறுநீரை அதிகமாக வெளியேற்றுபவை. வெயிலில் அவர்கள் பிள்ளைகளைவிடச் சீக்கிரம் தளர்ந்துவிடலாம். தாமாக மாத்திரையை நிறுத்தக் கூடாது. கோடைக்கு அளவை மாற்ற வேண்டுமா என்று பேரப்பிள்ளைகள் வந்து இறங்கும் முன்பே அவர்களுடைய மருத்துவரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு சிறு பிள்ளைகளோடு தாத்தா ஒருவரை மட்டும் தனியாக அனுப்பாமல், வீட்டில் இளையவர் யாராவது கூடப் போங்கள்.