சொக்சோ நிலுவைப் பணம்: கடிதம் யார் கைக்குப் போகிறது?

செம்பனைக் குலை அறுக்கும்போது அடிபட்டவருக்கும், நோய் முற்றி வேலைக்கே போக முடியாமல் ஆனவருக்கும் மலேசியாவின் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவில் பணம் உண்டு. அந்த உரிமையைத் தருவது 1969ஆம் ஆண்டுச் சட்டம். குத்தகைக்காரரிடம் வேலை செய்தாலும் பொருந்தும். சட்டத்தைப் பற்றி இவ்வளவு போதும். பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம் உள்ள தோட்டங்களில் பணம் எங்கே கைநழுவுகிறது என்பதுதான் முக்கியம்.

முதல் இடம், தபால். ஒரு தோட்ட அலுவலகத்தில் நானே பார்த்தேன். சொக்சோ கடிதம் ஒன்று உறை கிழிந்து, தேநீர்க் கறையோடு செக்ரோல் (வருகைப் பதிவு) புத்தகத்துக்கு அடியில் கிடந்தது. கடிதத்துக்கு உரியவர் பின்னால் உள்ள லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) கைத்தடியோடு உட்கார்ந்திருந்தார். அவருடைய ஊனம் எத்தனை விழுக்காடு என்பது கிராணிக்கும் (எழுத்தர்) மண்டோருக்கும் (மேற்பார்வையாளர்) தெரிந்திருந்தது, அவருக்குத்தான் தெரியவில்லை. அந்த விழுக்காட்டைக் கணிக்கும் மருத்துவ வாரியத்தின் முடிவை எதிர்த்து மேல்முறையீடு செய்ய 90 நாள்தான் அவகாசம். அது தாண்டிவிட்டால், கடிதம் கைக்கு வரவில்லை என்று முகப்பில் நின்று மன்றாடும் பாடு உங்களுடையது. அதனால் விண்ணப்பத்தில் தோட்டத்து முகவரியைப் போடாதீர்கள். டவுனில் இருக்கும் மகன் அல்லது மகளின் முகவரியையும் உங்கள் சொந்தக் கைப்பேசி எண்ணையும் கொடுங்கள். ஏற்கெனவே கொடுத்துவிட்டவர்கள் நேரில் போய் மாற்றுங்கள். மாற்றியதற்கு முத்திரை குத்திய நகல் கேளுங்கள். கேட்காமல் யாரும் தரமாட்டார்கள்.

இரண்டாவது, ராஜினாமா. "எழுதிக் கொடுத்துவிட்டுப் போ, பிறகு சொக்சோவைப் பார்" என்று நிர்வாகம் சொல்லும். கேட்காதீர்கள். இயலாமை ஓய்வூதியத்துக்கு, விண்ணப்பம் போய்ச் சேரும் மாதத்துக்கு முந்தைய 40 மாதங்களில் 24 மாதச் சந்தா இருக்கிறதா என்று பார்ப்பார்கள். வேலையை விட்டபின் சந்தா கட்ட ஆளில்லை. 16 மாதம் தாண்டினால், ஒரு மாதம்கூட விடாமல் சந்தா கட்டியவரும் அந்தக் கணக்கில் தேறமாட்டார். வேறு கணக்கு ஒன்று உண்டு. ஆனால் வேலையில் இடைவெளி விழுந்தவர்கள் அதிலும் தடுக்கி விழுகிறார்கள். முதலில் விண்ணப்பம், பிறகுதான் ராஜினாமா. 60 வயது நெருங்குகிறவர்கள் ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது.

வேலை விபத்துக்கு இத்தனை மாதம் சந்தா என்ற நிபந்தனையே இல்லை. அங்கே தந்திரம் வேறு. கால் வீங்கிய ஆளை மண்டோர், "லேசான வேலைதான், வந்து பெயர் போட்டுவிட்டு உட்கார்" என்பார். பெயர் விழுந்தால் அன்றைக்கு நீங்கள் வேலை செய்ததாகக் கணக்கு. தற்காலிக ஊனப் பணம் கிடைக்க, மருத்துவர் கொடுத்த விடுப்பு குறைந்தது 4 நாள் இருக்க வேண்டும். தோட்டத்து மருந்தக உதவியாளரான டிரெசர் மருந்து கட்டியதோடு நிற்காமல் மருத்துவரிடம் போய் எம்சி (மருத்துவ விடுப்புச் சான்று) வாங்குங்கள். முதலாளி தகவல் தெரிந்த 48 மணி நேரத்துக்குள் விபத்தை அறிவிக்க வேண்டும். அறிவித்தாரா என்று நீங்களே சொக்சோ கிளையில் கேளுங்கள்.

கடைசியாக, நிலுவை வந்து விழும் நேரம். பல மாதப் பணம் மொத்தமாகக் கணக்கில் ஏறியதும் வாசலில் 'ஏஜெண்ட்' நிற்பார். அவருக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டால், கிழிந்த அந்த உறைதான் பதில். சொக்சோ விண்ணப்பத்துக்குக் கட்டணமே கிடையாது. முகவர் தேவையே இல்லை. "மாதாமாதம் எதற்கு, முழுப் பணத்தையும் மொத்தமாக எடுத்துத் தருகிறேன்" என்பவரை நம்பாதீர்கள். நிரந்தர ஊனம் 20 விழுக்காட்டுக்கு மேல் என்றால் ஐந்தில் ஒரு பங்கைத்தான் மொத்தமாக எடுக்க முடியும். மீதி மாதாமாதம்தான் வரும்.

தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010இல் வந்தது. ஆனால் அது மத்திய, மாநில அரசுகளைக் கட்டுப்படுத்தாது. ஆகவே காவல் உங்கள் கையில். அடையாள அட்டை நகல் கொடுக்கும்போது குறுக்கே இரண்டு கோடு போட்டு 'உந்துக் பெர்மோஹோனான் பெர்கேசோ சஹாஜா' (சொக்சோ விண்ணப்பத்துக்கு மட்டும்) என்று மலாயில் எழுதி, தேதியும் போடுங்கள். பணம் உங்கள் பெயரில் உள்ள கணக்குக்கே போகட்டும்.

வட்டிக்காரரிடம் ஏடிஎம் அட்டையும் ரகசிய எண்ணும் சிக்கியிருக்கிறதா? சொக்சோ பணத்தைப் பெறும் உரிமையை இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்கச் சட்டத்தில் இடமில்லை. இன்றே வங்கிக்குப் போய் அந்த அட்டையை முடக்கிப் புது அட்டை வாங்குங்கள். மிரட்டினால் போலீசில் புகார் செய்யுங்கள். தனியாகப் போகாமல் விவரம் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.