மார்ட்கேஜ், மார்ச்சுவரி, மார்ட்டர்

ஆங்கில அகராதியில் இந்த மூன்றும் அக்கம்பக்கத்தில் இருக்கும். தொடக்கம் ஒன்றாக இருப்பதால் மூன்றுமே சாவைக் குறிக்கும் லத்தீன் வேரிலிருந்து வந்தவை என்று நினைக்கத் தோன்றும். இரண்டு அப்படித்தான்.

மார்ட்கேஜ் பழைய பிரெஞ்சுச் சொல். மோர் என்றால் செத்த, காஜ் என்றால் ஈடு. ஈடு எப்படிச் சாகும்? கடனைக் கட்டாவிட்டால் நிலம் கடன் வாங்கியவருக்குச் செத்தது, கட்டிவிட்டால் ஈடு கடன் கொடுத்தவருக்குச் செத்தது என்று 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயச் சட்ட அறிஞர் எட்வர்ட் கோக் விளக்கினார். கேட்க அழகுதான், ஆனால் பிற்காலத்து விளக்கம். 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த, கிளான்வில் பெயரில் வழங்கும் இங்கிலாந்துச் சட்ட நூல் வேறு கதை சொல்கிறது. நிலம் கடன் கொடுத்தவர் கைக்குப் போய்விடும், விளைச்சலும் அவருக்கே. அந்த வருமானம் அசலில் கழியாது என்றால் அது செத்த ஈடு.

அட, இது நம்மூர் ஒத்திதானே! எழுத்தில் ஒற்றி, சில இடங்களில் போக்கியம். மூன்று லட்சத்தை மொத்தமாகக் கொடுத்துவிட்டு வாடகையில்லாமல் குடியிருப்பார்கள். காலி செய்யும்போது அதே மூன்று லட்சம் திரும்ப வரும். எத்தனை வருஷம் இருந்தாலும் அசலில் ஒரு ரூபாய் குறையாது.

வங்கிக்காரர்கள் இன்று சொல்லும் மார்ட்கேஜில் வீடு நம்மிடமே இருக்கும், பத்திரம் மட்டும் அங்கே போகும். அதற்கு அடமானம் பொருந்தும். 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 58ஆம் பிரிவில் இரண்டையும் மார்ட்கேஜின் வகைகளாகவே வைக்கிறது. அதனால் மொழிபெயர்ப்பவர், சொத்து யார் கையில் இருக்கிறது என்று பார்த்துவிட்டுச் சொல்லைப் போடுவது நல்லது.

மார்ச்சுவரி முதலில் இடமே இல்லை. இறந்தவரின் சொத்திலிருந்து ஊர்த் தேவாலயத்தின் பங்குக் குருவுக்குச் சேர வேண்டிய காணிக்கை அது. பிணவறை என்ற பொருள் 19ஆம் நூற்றாண்டில் வந்தது. பிணவறை நல்ல சொல்தான், ஆனால் ஆஸ்பத்திரி வாசலில் நிற்பவர்கள் மார்ச்சுவரி என்றுதான் கேட்கிறார்கள்.

மார்ட்டர் சாவைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்ததில்லை. லத்தீனில் மோர்டாரியம் என்பது இடிக்கும் கிண்ணம். சித்த மருத்துவர் கையில் அது கல்வம். அதில் குழைத்த சுண்ணாம்புக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. நமக்கு அது சாந்து, கொத்தனாருக்குக் கலவை. கிண்ணம்போல் குட்டையாக, வாய் அகன்று இருந்த பீரங்கிக்கும் அப்புறம் அதே பெயர் வைத்தார்கள். ஈழத்துச் செய்திகளில் இதை மோட்டார் என்றே எழுதுவதால், புதிதாகப் படிப்பவர் வண்டியைத் தேடுவார். மோட்டார் எறிகணை என்று சேர்த்து எழுதினால் குழப்பமில்லை.