மீன் உள்ள குளமும் மீன் போன குளமும்

மாரி தொடங்கினால் எங்கள் வேலை முழுக்க வீட்டு வளவுகளுக்குள்தான். படலையைத் திறந்து உள்ளே போனதும், குளம் வைத்திருக்கிற வீடு என்றால் முதல் வார்த்தை அநேகமாக இதுதான்: "ஐயா, குளத்துக்குள்ள மீன் விட்டிருக்கிறம், அங்க நுளம்பு இராது." பெரும்பாலும் அது உண்மை. பொதுச் சுகாதாரப் பரிசோதகராகத் திருகோணமலையில் டோர்ச்சும் வெள்ளைக் கோப்பையுமாகத் திரிந்த இத்தனை வருடத்தில், மீன் ஓடித்திரிகிற குளத்தில் நான் குடம்பி, அதாவது நுளம்பின் புழு, கண்டது மிக அருமை. கண்டதெல்லாம் குளத்தின் ஓரத்தில். மிச்சமாகிப்போன தாமரைத் தொட்டி, மோட்டர் வைத்த சின்னக் குழி, நீர்வீழ்ச்சிக்கென்று அடுக்கிய கல்லில் இருக்கும் பள்ளம், மீனை மாற்றிவிட்டு மறந்த வாளி. அப்புறம், மீன் இல்லாமல் போன குளங்கள்.

2020 ஊரடங்கு நாட்களில் எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வீடு குளம் வெட்டினார்கள். பிள்ளைகளுக்குப் பொழுதுபோக வேண்டுமே. பள்ளிக்கூடம் திறந்த பிறகு பாதிக் குளங்களை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அதனால் கட்டுவதைப் பற்றிக் கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, அடுத்த வருடமும் இதைப் பார்க்க ஆள் இருக்குமா என்றுதான்.

சரி, ஆள் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மாமரத்துக்குக் கீழே வேண்டாம், இலை விழுந்து அழுகும். பீலித் தண்ணீர் விழுகிற இடமும் வேண்டாம். கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் தள்ளியே இருக்கட்டும். அல்லி பூக்க வேண்டுமென்றால் ஐந்தாறு மணி நேரம் வெயில் வேண்டும், ஆனால் எங்கள் ஊர் மத்தியான வெயில் முழுக்க விழுந்தால் தண்ணீர் கொதித்துவிடும். காலை வெயில் படுகிற மூலை நல்லது. ஆழம் இரண்டடியாவது வேண்டும். ஆழம் குறைந்த தண்ணீர் சீக்கிரம் சூடாகும், சூடான தண்ணீரில் ஒட்சிசன் குறையும், மீன் மேலே வந்து வாயைப் பிளக்கும். நிலாவெளிப் பக்கம் மணல் என்பதால் வெட்டிய குழியின் ஓரம் சரியும், தடித்த தறப்பாளோ சீமெந்தோ இல்லாமல் தண்ணீர் நிற்காது. உவர்மலையில் பாறை, தோண்டவே முடியாது. எந்த மண்ணானாலும் நான் நிலமட்டத்துக்கு மேலே ஒன்றரை அடி சுவர் எழுப்பச் சொல்வேன். மழைக்கு வளவுச் சேறும் பூச்சிமருந்தும் உள்ளே ஓடிவராது.

தவழ்கிற, நடை பழகுகிற பிள்ளை உள்ள வீட்டில் சுவர் மட்டும் போதாது. ஒரு சாண் தண்ணீரில்கூடக் குழந்தை மூழ்கிவிடும், அதுவும் சத்தமே இல்லாமல். தண்ணீர் மட்டத்துக்கு இரண்டு அங்குலம் மேலே, குழந்தையின் பாரம் தாங்குகிற கம்பிவலை பொருத்துங்கள். அல்லி அதற்குள்ளால் வளரும். பார்வைக்கு அழகில்லை என்று மேசன் சொல்வார், கேட்க வேண்டாம்.

புதுச் சீமெந்துத் தொட்டியில் உடனே மீன் விட்டால் அடுத்த நாள் மிதக்கும். சீமெந்திலிருந்து சுண்ணாம்பு கரைந்துகொண்டே இருக்கும். நிரப்பி நான்கைந்து நாள் விட்டு இறைத்து, மறுபடி நிரப்பி, இரண்டு மூன்று வாரம் இப்படிச் செய்ய வேண்டும். வாழைக்குற்றியை வெட்டிப் போட்டு ஊறவிடுவது எங்கள் ஊர் வழக்கம். செய்யலாம், ஆனால் தண்ணீரை மாற்றாமல் வாழைக்குற்றியை மட்டும் நம்ப வேண்டாம். பைப் தண்ணீர் என்றால் குளோரின் போக ஓரிரு நாள் திறந்தபடி விட்டு வைக்க வேண்டும்.

கப்பி மீன் நாலைந்து சோடி போதும். மாதம் ஒரு தடவை குட்டி போடும், பிறகு பக்கத்து வீட்டுக்கும் கொடுக்கலாம். ஆற்றிலோ பெரிய குளத்திலோ கொண்டுபோய் விடாதீர்கள், அது இந்த நாட்டு மீன் இல்லை. தீனியை அள்ளிக் கொட்டினால் வயிறு நிறைந்த மீன் குடம்பியைத் தேடிப் போகாது, மிஞ்சிய தீனி அழுகித் தண்ணீரையும் கெடுக்கும்.

செடியில் ஒரு எச்சரிக்கை. கோவா மாதிரி மிதக்கிற ஆகாயத்தாமரையைப் பலர் ஆசையாக வாங்கி விடுகிறார்கள். மான்சோனியா என்றொரு நுளம்பு இனம் உண்டு. மற்றக் குடம்பிகள் பெரும்பாலும் மூச்சுவிட மேலே வரும். இது வராது, செடியின் வேரில் குத்தி அங்கிருந்தே காற்றை எடுத்துக்கொள்ளும். அதனால் கோப்பையில் அள்ளினாலும் அகப்படாது. அல்லியே போதும், அதுவும் குளத்தில் பாதியை மூடுகிற அளவுக்கு. நகரத்துக்குள் வீடு என்றால் படலையைச் சாத்தி வையுங்கள், கோட்டைப் பக்கத்து மான்கள் வந்தால் இலை மிஞ்சாது.

இனி என் சொந்தக் கதை. என் வீட்டுக் குளத்தைக் காட்டி ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவன் நான். ஒரு நாள் எங்கள் பணிமனையில் புதிதாகச் சேர்ந்த தம்பி தேத்தண்ணி குடிக்க வந்தவர், சும்மா இருக்க மாட்டாமல் மோட்டர் குழி மூடியைத் தூக்கி டோர்ச் அடித்தார். வெளிச்சம் பட்டதும் நெளிந்து நெளிந்து கீழே இறங்கின, முப்பதுக்குக் குறையாது. மோட்டர் பழுதாகி இரண்டு கிழமை. "சேர், நோட்டீஸ் எழுதவா?" என்றார். மனைவி சிரித்த சிரிப்பு இன்னும் காதில் கேட்கிறது.

இரண்டு கிழமை அதிகம்தான். முட்டை பொரித்து நுளம்பாகப் பறக்க ஏழு முதல் பத்து நாளே எடுக்கும். டெங்கு நுளம்பு முட்டையை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டிவைக்கிறது. கச்சான் காற்றடிக்கிற வறண்ட காலத்தில் குளம் வற்றும், மீனும் செத்துப்போகும், முட்டை மட்டும் காய்ந்த சுவரில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஐப்பசி மழைக்குத் தண்ணீர் ஏறினதும் பொரிக்கும், தின்ன மீன் இல்லை. ஆகவே வற்றிய தொட்டியை மழைக்கு முன் தேங்காய்த் தும்பால் தேய்த்துக் கழுவ வேண்டும், சும்மா தண்ணீர் ஊற்றினால் முட்டை போகாது. மாரியில் வேறொரு சிக்கல். குளம் பொங்கி வழியும்போது மீனும் வெளியே போய்விடும். வழிவாய்க்கு ஒரு பைப் வைத்து அதன் வாயில் வலை கட்டுங்கள், பெருமழை ஓய்ந்ததும் மீன் இருக்கிறதா என்று பாருங்கள்.

2017 ஐ மறந்திருக்க மாட்டீர்கள். மார்ச்சில் டெங்கால் கிண்ணியா பட்ட பாடு எங்களுக்குத் தெரியும். அந்த வருடம் நாடு முழுக்க 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு டெங்கு. 2007 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டம் வீட்டுக் குளத்துக்கும் பொருந்தும். ஆனால் சட்டத்தைக் காட்டிச் சுத்தமான வளவை நான் கண்டதில்லை.

பாலையூற்றில் ஒரு அம்மா. மகன் வெளிநாடு போக முன் கட்டிக் கொடுத்த குளம், மீன் செத்து வருடமாகிவிட்டது, அடியில் ஒரு சாண் கறுத்த தண்ணீர். "மண் போட்டு மூடுங்கோ அம்மா" என்றேன். "அவன் தன்ர கையால கட்டினது, தம்பி" என்று மறுத்தார். மூன்று தடவை போன பிறகு ஒருவழியாக ஒத்துக்கொண்டார், சுவரை மட்டும் உடைக்கக் கூடாது என்ற பேச்சோடு. அடியில் துளை போட்டு, மண் நிரப்பினோம். போன மாதம் அந்த வழியால் போனபோது கூப்பிட்டு, அந்தத் தொட்டியிலிருந்தே பறித்த பொன்னாங்காணி ஒரு கட்டுத் தந்தார்.