தட்டைமலை மேல் ஜியோகேச்சிங்: கடைசிப் பத்து மீட்டர்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், கொலராடோ ஆற்றுக்கும் கிரீன் ஆற்றுக்கும் நடுவே 'ஐலண்ட் இன் த ஸ்கை' என்றொரு தட்டைமலை இருக்கிறது. சுற்றியுள்ள நிலத்திலிருந்து 300 மீட்டருக்கு மேல் செங்குத்தாக எழுகிறது. இதுபோன்ற மணற்பாறை மேடுகளை மேசா என்பார்கள். மோவாப் ஊரைச் சுற்றிலும் இவை நிறைய. ஜியோகேச்சிங் பிரியர்கள் தேடிப் போகும் நிலமும் இதுதான்.

ஜியோகேச்சிங் ஒரு தேடும் விளையாட்டு. ஒருவர் ஒரு பெட்டியை ஒளித்துவைத்து, அது இருக்கும் அட்சரேகை, தீர்க்கரேகையை இணையத்தில் போடுவார். மற்றவர்கள் கைபேசியோ ஜிபிஎஸ் கருவியோ எடுத்துக்கொண்டு போய்த் தேடி, உள்ளே இருக்கும் நோட்டில் பெயரெழுதிவிட்டு, பெட்டியை அதே இடத்தில் வைத்துவிட்டு வருவார்கள். இந்த விளையாட்டு பிறந்ததற்கு ஒரு அரசு முடிவுதான் காரணம். ஜிபிஎஸ் சிக்னலில் அமெரிக்க ராணுவம் வேண்டுமென்றே கலந்துவந்த பிழை 2000 மே 2 அன்று நீக்கப்பட்டது. அதுவரை 100 மீட்டர் வரை தவறிய கருவிகள் ஒரே நாளில் சில மீட்டர் துல்லியத்துக்கு வந்தன. மறுநாளே டேவ் அல்மர் என்பவர் ஒரிகன் மாநிலத்தில் ஒரு வாளியை ஒளித்துவைத்து அதன் எண்களை வெளியிட்டார்.

தட்டைமலையின் உச்சியில் ஜிபிஎஸ் மிக நன்றாக வேலை செய்யும். அதே மலையின் அடிவாரத்தில் மோசமாகத் தடுமாறும். எவ்வளவு வானம் தெரிகிறது என்பதே இரண்டையும் தீர்மானிக்கிறது. சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றும் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் 'இப்போது மணி இவ்வளவு, நான் இருக்கும் இடம் இது' என்று ஓயாமல் அறிவித்துக்கொண்டே இருக்கின்றன. சிக்னல் வந்துசேர எடுத்த நேரத்தை ஒளியின் வேகத்தால் பெருக்கினால் தூரம் கிடைக்கும். ஒரு மைக்ரோவினாடி பிசகினால் 300 மீட்டர் போய்விடும். நம் கருவியின் மலிவான கடிகாரத்தை அந்த அளவுக்கு நம்ப முடியாது. அதனால் நீளம், அகலம், உயரம் மூன்றோடு நேரத்தையும் சேர்த்துக் கண்டுபிடிக்கக் குறைந்தது நான்கு செயற்கைக்கோள்கள் தேவை. அவை வானத்தில் பரவலாகத் தெரிந்தால் கணக்கின் துல்லியம் கூடும். ஒரே பக்கம் குவிந்திருந்தால் குறையும்.

உச்சியில் நாலாபுறமும் வானம் திறந்திருப்பதால் 3 முதல் 5 மீட்டர் துல்லியத்தை எதிர்பார்க்கலாம். பாறைச் சுவரின் அடியில் நின்றால் பாதி வானம் மறைந்துவிடும். அதோடு சிக்னல் சுவரில் பட்டுத் தெறித்து, சுற்றுவழியாகக் கருவிக்கு வருகிறது. சுற்றி வந்த தூரத்தையும் கருவி நேர்த் தூரம் என்றே எடுத்துக்கொள்வதால் நாம் நிற்கும் இடம் பத்து, இருபது மீட்டர் தள்ளிக் காட்டும். இதில் கவனிக்க வேண்டியது சுவர் எந்தப் பக்கம் என்பது. செயற்கைக்கோள்களின் பாதை 55 டிகிரி சாய்வில் இருப்பதால், இந்த அட்சரேகையில் அவை தெற்கு வானில்தான் அதிகம் தெரியும். ஆகவே தெற்கே சுவர் மறைக்கும் இடத்தில் இழப்பு கூடுதல்.

எண்களைப் படிப்பதிலும் ஒரு பொறி உண்டு. ஜியோகேச்சிங்கில் டிகிரியும் தசம நிமிடமும் சேர்த்து எழுதுவது வழக்கம்: வடக்கு 38° 27.500 என்பதுபோல. இதன் கடைசி இலக்கம் ஒன்று மாறினால் வடக்கு-தெற்கில் 1.85 மீட்டரும், இந்த அட்சரேகையில் கிழக்கு-மேற்கில் சுமார் 1.45 மீட்டரும் நகரும். இதையே 38.27500 டிகிரி என்று கைபேசியில் அடித்துவிட்டால் 20 கி.மீ. தெற்கே போய்ச் சேருவோம். பழைய காகித வரைபடத்திலிருந்து எண் எடுத்தால் அது எந்த ஆதாரச் சட்டகத்தில், அதாவது அட்சரேகை, தீர்க்கரேகையைக் கணக்கிடும் எந்த அடிப்படை முறையில், வரையப்பட்டது என்று பாருங்கள். 1927-ஆம் ஆண்டின் வட அமெரிக்கச் சட்டகத்தில் உள்ள எண்ணை அப்படியே ஜிபிஎஸ் பயன்படுத்தும் இன்றைய சட்டகமான டபிள்யூஜிஎஸ் 84-இல் இட்டால் பல பத்து மீட்டர் பிசகும். விளிம்புக்கு அருகே அத்தனை மீட்டர் என்றால் பாறையின் மேலா, வெறும் காற்றிலா என்ற வித்தியாசம்.

அதைவிட முக்கியம், வெளியிடப்படும் எண்களில் உயரம் கிடையாது. திரையில் 'இன்னும் 60 மீட்டர்' என்று வந்தால் அது படுக்கைவாட்டுத் தூரம். பெட்டி நேர் கீழே 200 மீட்டர் பள்ளத்தில் இருந்தாலும் திரையில் வழிகாட்டும் அம்பு அப்படியேதான் காட்டும். கருவி தரும் உயர அளவையும் பெரிதாக நம்பக் கூடாது. செயற்கைக்கோள்கள் எல்லாம் தலைக்கு மேலே மட்டுமே இருப்பதால் செங்குத்துப் பிழை எப்போதும் கூடுதல். எனவே கிளம்பும் முன்பே சமஉயரக் கோட்டு வரைபடத்தில் பெட்டி மேல்தளத்திலா, நடுத்திட்டிலா, அடிவாரத்திலா என்று பார்த்து, எந்தப் பாதையில் ஏறுவது என்று முடிவுசெய்துவிட வேண்டும். அங்கே கைபேசிக் கோபுரங்கள் கிடைப்பது அரிது. வரைபடத்தையும் குறிப்பையும் முன்கூட்டியே தரவிறக்கிக்கொள்ளுங்கள்.

பத்து மீட்டர் நெருங்கியதும் அம்பைப் பார்ப்பதை நிறுத்திவிடுங்கள். ஒளித்தவர் அளந்ததில் 4 மீட்டர் பிழை, நம் கருவியில் 4 மீட்டர் பிழை என்றால் இரண்டும் எதிரெதிர்த் திசையில் விழும்போது 8 மீட்டர் ஆகிவிடும். காந்தமானி (திசையறியும் உணரி) இல்லாத கருவி, நடக்கும் திசையை வைத்தே அம்பைக் காட்டுகிறது. நின்றுவிட்டால் அது தறிகெட்டுச் சுழலும். அம்பைத் துரத்திக்கொண்டு வட்டமடிப்பதுதான் புதியவர்கள் செய்யும் தவறு. இந்த நிலத்தில் அது வெறும் நேர விரயம் அல்ல, அழிவு.

செம்மணலின் மேல் கரியதாக, மேடுபள்ளமாக, ஓரிரு சென்டிமீட்டர் உயரச் சிறு கூம்புகளோடு தெரிவது உயிருள்ள மண்படலம். மைக்ரோகோலியஸ் என்ற சயனோபாக்டீரியாவின் (ஒளிச்சேர்க்கை செய்யும் நுண்ணுயிரின்) இழைகள் ஈரம் பட்டதும் உப்பி, மணலுக்குள் ஊர்ந்து செல்கின்றன. போகும் வழியெல்லாம் பசைபோன்ற உறையை விட்டுப்போவதால் மணல் துகள்கள் ஒட்டிக்கொள்கின்றன. காற்று மணலை வாரிப்போகாமல் காப்பது இந்தப் பின்னல்தான். பின்னர் பாசியும், பூஞ்சையும் ஆல்காவும் சேர்ந்து வாழும் லைக்கனும் அதில் குடியேறுகின்றன. காய்ந்த நாளில் ஒரு செருப்புத் தடம் விழுந்தாலே இழைகள் நொறுங்கிவிடும். பாக்டீரியா சில ஆண்டுகளில் திரும்பலாம், லைக்கனுக்கும் பாசிக்கும் பல பத்தாண்டுகள் ஆகும். அதனால் வெறும் பாறை, நீரோடையின் மணல்தடம், ஏற்கெனவே உள்ள பாதை இவற்றில் மட்டுமே கால் வையுங்கள். பாறையில் நின்றபடியே கண்ணால் துழாவுங்கள். இயல்புக்கு மாறாக அடுக்கிய கற்கள், ஜூனிபர் மரத்தின் வேரடி, பாறைத் திட்டின் கீழ்ப்பிளவு ஆகியவையே பெரும்பாலும் ஒளிவிடங்கள். பிளவுக்குள் கையை விடும் முன் டார்ச் அடித்துப் பாருங்கள். பாம்பும் தேளும் நிழல் தேடுவது அங்கேதான்.

ஒளித்துவைப்பவருக்குச் சில சொற்கள். ரப்பர் வளையம் பொருத்திய ராணுவத் தோட்டாப் பெட்டி இங்கே நெடுநாள் தாங்கும். மெல்லிய பிளாஸ்டிக் டப்பாவைப் புறஊதாக் கதிர் சில கோடைகளில் நொறுக்கிவிடும். நோட்டுடன் பென்சில் வையுங்கள், பேனா மை வெயிலில் காய்ந்துபோகும். தின்பண்டம் எதுவும் வேண்டாம், விலங்கு வந்து பெட்டியைக் குதறும். வறண்ட ஓடையில் வைத்தால் ஒரே வெள்ளம் பெட்டியை அடித்துப்போகும். விளிம்பின் நுனியும் வேண்டாம். ஐலண்ட் இன் த ஸ்கையில் கயெண்டா பாறை தொப்பிபோல் மூடியிருக்க, அதன் கீழே விங்கேட் மணற்பாறை சுவராக நிற்கிறது. அதற்கும் கீழே உள்ள மென்மையான சின்லே அடுக்கு அரிபட அரிபட, தாங்கலிழந்த சுவர் பலகை பலகையாகச் சரிகிறது. விளிம்பு பின்வாங்கிக்கொண்டே இருக்கிறது.

இடத்தின் எண்ணை ஒரே தடவை அளந்துவிட்டு வராதீர்கள். சில நிமிடங்களுக்குள் எடுக்கும் அளவுகளில் ஒரே பிழை திரும்பத் திரும்ப வரும். செயற்கைக்கோள்களின் அமைப்பு 23 மணி 56 நிமிடத்துக்கு ஒருமுறை மீளும் என்பதால், மறுநாள் அதே நேரத்தில் போவதிலும் பெரிய பயனில்லை. வேறு வேளையில் போய் அளந்து சராசரி எடுங்கள். இன்னொரு பெட்டியிலிருந்து 161 மீட்டராவது தள்ளியிருக்க வேண்டும், குழி தோண்டிப் புதைக்கக் கூடாது. தேசியப் பூங்காவுக்குள் அனுமதியில்லாமல் பெட்டி வைக்க முடியாது. அங்கே எர்த்கேச் பொருத்தமானது. அதில் பெட்டியே இருக்காது, பாறையைப் பார்த்துக் கேள்விகளுக்குப் பதில் எழுதினால் போதும். பூங்காவுக்கு வெளியே மத்திய நில நிர்வாகத்தின் பொதுநிலங்களில் பெரும்பாலும் வைக்கலாம், இயற்கை நிலையிலேயே விட்டுவைத்துக் காக்கப்படும் 'வில்டர்னஸ்' நிலங்களைத் தவிர.

தண்ணீர் ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர். பல கைபேசிகள் 35 டிகிரி வரையிலான வெப்பத்துக்கே வடிவமைக்கப்பட்டவை. கோடைப் பகலில் மோவாப் அதைச் சாதாரணமாகத் தாண்டும், திரை அணைந்துவிடும். கைபேசியைப் பைக்குள் நிழலில் வைத்து, தேவைப்படும்போது மட்டும் எடுங்கள். ஜூலை முதல் செப்டம்பர் வரை பிற்பகலில் இடிமழை திரளும். மரங்கள் அரிதான மேல்தளத்தில் உயரமாக நிற்பது நாம்தான் என்பதால், முதல் இடி கேட்டதும் தேடுவதை விட்டுவிட்டு விளிம்பிலிருந்து விலகி இறங்கத் தொடங்குங்கள்.