பிணையவழித் தொடக்கமா, வலையமைப்புத் துவக்கமா?

உட்பொதி லினக்ஸ் கருவிகளுக்கான, அதாவது லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடும் சிறு கணினிப் பலகைகளுக்கான, தமிழ்க் குறிப்புகளில் 'வலையமைப்புத் துவக்கம்' என்ற தொடர் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. நெட்வொர்க் பூட் என்பதற்கு அதுவே தமிழ் என்று எழுதுகிறார்கள். சொற்களைத் தனித்தனியே பார்த்தால் பெரிய பிழை தெரியாது. தொடராகப் படிக்கும்போது, வலையமைப்பைத் துவக்குதல் என்றே யாரும் அதை விரித்துக்கொள்வார்கள். நெட்வொர்க் பூட் என்பதோ, ஒரு கருவி தனக்கு வேண்டிய இயங்குதளக் கருவையும் (கெர்னல்) கோப்புகளையும் தன் சேமிப்பகத்திலிருந்து எடுக்காமல், பிணையத்தின் (வலையமைப்புக்கு இன்னொரு பெயர்) வழியாக வேறொரு கணினியிலிருந்து பெற்று இயங்கத் தொடங்குவதாகும்.

பூட் என்பது பூட்ஸ்ட்ராப் என்பதன் குறுக்கம். காலணியை இழுத்து மாட்ட உதவும் வாரைப் பிடித்துத் தன்னைத் தானே தூக்கிக்கொள்ளுதல் என்ற ஆங்கில வழக்கிலிருந்து அது 1950களில் கணினித் துறைக்கு வந்தது. நிரலை நினைவகத்தில் ஏற்றவே ஒரு நிரல் வேண்டும் என்ற சிக்கலுக்கு அந்தப் பெயர் பொருந்திவிட்டது. பிணையத்தின் வழியாக இதைச் செய்வதற்கான நெறிமுறைகளில், கோப்பை இறக்கித் தரும் டிஎஃப்டிபி 1981இலும், கருவிக்குப் பிணைய முகவரி தரும் பூட்பி 1985இலும், அதன் வழித்தோன்றலான டிஎச்சிபி 1993இலும் வெளியாயின. 'பூட்' என்பதை அப்படியே எழுதலாமே என்பவர்கள் 'பூட்டப்பட்டது' என்று எழுதிப் பார்க்கட்டும். கருவை நினைவகத்தில் ஏற்றும் 'ஏற்றி நிரலை' மாற்றவிடாமல் உண்மையிலேயே பூட்டி வைக்கும் கருவிகள் இருக்கையில், அந்தச் சொல் இரண்டில் எதைக் குறிக்கிறது என்று எப்படித் தெரியும்?

இனி வழக்குக்கு வருவோம். தொகைநிலைத் தொடர்கள் இரண்டு முதல் ஏழு பொருள் வரை மயங்கும் என்று நன்னூல் முன்பே சொல்லிவிட்டது. வேற்றுமை உருபு மறைந்து நிற்கும்போது எந்த உருபு மறைந்தது என்பதைப் படிப்பவர்தான் ஊகிக்க வேண்டும். செயலைக் குறிக்கும் பெயருக்கு முன் ஒரு பொருட்பெயர் வந்தால், அதைச் செயப்படுபொருளாகக் கொள்வதே நம் இயல்பு. நூல் வெளியீடு என்றால் நூலை வெளியிடுதல், கடை திறப்பு என்றால் கடையைத் திறத்தல். அதே இயல்பில் வலையமைப்புத் துவக்கம் என்பது வலையமைப்பைத் துவக்குதல் ஆகிவிடுகிறது. இங்கே வலையமைப்பு செயப்படுபொருள் அன்று, வழி. அந்த உறவை வெளிப்படையாகச் சொல்லத் தமிழில் சொல் இல்லையா என்றால், அன்றாடம் பயன்படுத்திக்கொண்டுதான் இருக்கிறோம். தமிழ்க் கல்வி வேறு, தமிழ்வழிக் கல்வி வேறு என்பது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். அஞ்சல்வழிக் கல்வியை அஞ்சல் கல்வி என்று யாரும் சுருக்குவதில்லை.

இது இலக்கணக்காரரின் நுணுக்கம், நடைமுறையில் யாரும் குழம்பமாட்டார்கள் என்று சொல்லக்கூடும். நடைமுறையையே பார்ப்போம். பலகையில் யூ-பூட் என்னும் ஏற்றி நிரல் ஓடுகிறது. பலகையின் செய்திகளை நம் கணினிக்குக் கொண்டுவரும் தொடர்முனைக் கம்பியை (சீரியல் கேபிள்) இணைத்து அந்த நிரலின் திரைச்செய்திகளைப் படிக்கிறோம். முதலில், கம்பிவழிப் பிணையத்துக்கான ஈதர்நெட் சில்லு மறுமுனையோடு வேகத்தை ஒத்துக்கொண்டு இணைப்பை ஏற்படுத்த வேண்டும். அடுத்து டிஎச்சிபி வழியாக முகவரி கிடைக்க வேண்டும். அதன் பிறகே டிஎஃப்டிபி வழங்கியிலிருந்து (சர்வர்) கருவும், பலகையின் வன்பொருளைக் கருவுக்கு விவரிக்கும் சாதன மரக் கோப்பும் இறங்குகின்றன. கோப்பு இறங்க இறங்கத் திரையில் '#' குறிகள் வரிசையாக நீள்கின்றன. வழங்கியிடமிருந்து விடை வராமல் காலம் கடந்தால் அதே இடத்தில் ஆங்கில 'டி' எழுத்து விழுகிறது. கம்பி செருகப்படாததால் இணைப்பே ஏற்படவில்லை என்றால், அது வலையமைப்பு துவங்காத பிழை. இணைப்பு உயிரோடிருந்து, முகவரியும் கிடைத்து, வழங்கி 'அந்தப் பெயரில் கோப்பு இல்லை' என்று திருப்பி அனுப்பினால், அது பிணையத்தின் வழியாகத் தொடங்க முடியாத பிழை. முதலாவதற்குக் கம்பியையும், சில்லை இயக்கும் நிரலான இயக்கியையும் (டிரைவர்) பார்க்க வேண்டும். இரண்டாவதற்குக் கோப்புப் பெயரையும் வழங்கியின் அடைவையும் பார்க்க வேண்டும். இவ்விரண்டுக்கும் 'வலையமைப்புத் துவக்கம் தோல்வி' என்ற ஒரே செய்தியைக் கொடுத்தால், பழுது பார்ப்பவர் எங்கே தேடுவார்?

சிக்கல் அத்துடனும் முடிவதில்லை. நினைவகத்தில் ஏறிய லினக்ஸ் கரு, ஏற்றி நிரல் பெற்ற முகவரியைத் தானாக எடுத்துக்கொள்வதில்லை. வேறொரு கணினியின் கோப்புகளைப் பிணையத்தில் பயன்படுத்த உதவும் என்எஃப்எஸ் வழியாக, இயங்குதளத்தின் அடிப்படைக் கோப்புகள் அடங்கிய வேர்க் கோப்பு முறைமையை ஏற்ற வேண்டுமானால், ஈதர்நெட் இயக்கியைக் கருவே தொடங்கி, தொடக்க அளவுருக்களில் கொடுத்த முகவரியைக் கொண்டோ டிஎச்சிபியிடம் மறுபடி கேட்டோ பிணையத்தை மீண்டும் எழுப்ப வேண்டும். டிஎஃப்டிபியில் எல்லாம் நன்றாக இறங்கிய பிறகு, கருவில் அந்த இயக்கி சேர்க்கப்படாததால் வேர் கிடைக்காமல் பலகை நின்றுபோவது இத்தொழிலில் பழக்கமான காட்சி. ஆக, ஒரே ஒரு நெட்வொர்க் பூட்டுக்குள் வலையமைப்பு இரண்டு முறை துவங்குகிறது. பகுதியின் பெயரை எடுத்து முழுமைக்குச் சூட்டியதால், பகுதியைக் குறிக்கப் பெயரில்லாமல் போய்விட்டது.

மாற்றாகச் சிலர் தொலைத்துவக்கம் என்கிறார்கள். அது இன்னும் தவறு. தொலைவிலிருந்து ஒருவர் கருவியை இயக்கி வைப்பது போன்ற பொருளை அது தருகிறது. இங்கே முதலில் பேசுவது கருவிதான்: தனக்கு முகவரி வேண்டும் என்று பிணையம் முழுவதும் கேட்கும்படி அதுவே அறிவிக்கிறது. உறங்கும் கணினியை ஈதர்நெட் பொதி அனுப்பி எழுப்பும் வேக்-ஆன்-லேன் வேறு வசதி. தொலைத்துவக்கம் என்ற பெயர் அதற்கு ஓரளவு பொருந்தலாம். வலைவழித் தொடக்கம் என்பதில் 'வழி' சரியாக இருக்கிறது, 'வலை'தான் இடறுகிறது. வலைவழி என்பது இணையத்தைக் குறித்துப் பழகிவிட்டது. உட்பொதிப் பணியிலோ பெரும்பாலும் மேசையின் மீதுள்ள ஒரு சுவிட்சுக்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. எனவே பிணையவழித் தொடக்கம் என்பதையே நான் முன்வைக்கிறேன். பிணையம் என்பதற்கு ஈடு என்ற பொருளும் உண்டு என்பார்கள். பலகையும் கம்பியும் பேசப்படும் இடத்தில் அந்தப் பொருளில் அதைப் படிப்பவர் இருக்கமாட்டார்.

துவக்கம் என்பதை ஏன் கைவிட வேண்டும் என்றால், தொடங்கு, தொடக்கம் என்ற நல்ல வடிவங்கள் இருக்கையில் அதற்குத் தேவை இல்லை. ஈழத்து வழக்கில் துவக்கு என்றால் துப்பாக்கி என்பதையும், ஒரு பொத்தானின் மேல் 'துவக்கு' என்று எழுதுபவர்கள் நினைவில் கொள்வது நல்லது.

இத்தகைய தொடர்கள் எப்படிப் பிறக்கின்றன என்பதில் மறைபொருள் ஒன்றும் இல்லை. மொழிபெயர்ப்பவரிடம் திரைச்சொற்களின் பட்டியல் மட்டும் போகிறது. அந்தச் சொல் எந்தத் திரையில், எந்தச் செய்திக்குப் பக்கத்தில் வரும் என்பது போவதில்லை. நெட்வொர்க் என்றால் வலையமைப்பு, பூட் என்றால் துவக்கம் என்று பட்டியலில் ஏற்கெனவே இருப்பதால், இரண்டையும் ஒட்டி இடையில் ஒரு 'த்' சேர்த்தால் வேலை முடிந்ததாகக் கருதப்படுகிறது. சந்தி சரியாக இருப்பதால் தொடரும் சரியாக இருப்பதுபோல் தோன்றிவிடுகிறது. கருவியை ஒருமுறையாவது இயக்கிப் பார்த்தவரிடம் கேட்டிருந்தால், 'வழி' என்ற ஈரெழுத்துச் சொல் முதல் வரைவிலேயே வந்திருக்கும்.

பட்டியலின் சிறு பெட்டியில் 'வழி' சேர்க்க இடம் போதாது என்ற வாதமும் நிற்காது. வலையமைப்புத் துவக்கம் என்பதில் 12 எழுத்துகள். பிணையவழித் தொடக்கம் என்பதில் 11.